மழையில் அளந்த தொடுகை

வருகிற சனிக்கிழமை நான் இந்த ஆஸ்பத்திரி மருந்தறையை விட்டுப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு என்றால் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் சிரிப்பீர்கள். கலியாணமாகி வெளியூர் போகிற பெண்ணுக்கு வேலையை விடுவதும் ஓய்வும் ஒன்றுதான் என்று நிர்வாகத்தார் கருதுகிறார்கள். அலமாரிச் சாவி, விஷ மருந்துப் பட்டியல், தராசு, எடைக்கற்கள் இருபத்தொன்று எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்து உங்களிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பட்டியலில் சேர்க்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

மருந்து கலக்குவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. இது நாங்கள் செய்த ஒரு ஆராய்ச்சியைப் பற்றியது, அதில் நான் செய்த தப்பைப் பற்றியது. விஷயம் சுன்னத்து, அதாவது ஆண்குறியின் நுனித்தோலை நீக்குவது. வாசிக்கக் கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள். ஆனால் வாசியுங்கள்.

அன்றைக்கு இருந்த டாக்டரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சேர்வதற்கு முன்பே மாற்றலாகிப் போனவர். சென்னையில் படித்தவர், ஆனால் எங்கள் பக்கத்துக்காரர்தான். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். அளந்துவிட்டாலோ கொஞ்சம் அதிகமாகவே நம்புவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம் ஆண்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் தேங்காய்ப்பட்டணத்து அசனார். உரு என்கிற பாய்மரக் கப்பலில் கொழும்புக்கும் கோழிக்கோட்டுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற வியாபாரி. காலில் ஆறாத புண். மற்றவர் சுன்னத்து செய்யாத ஒரு நெல் விவசாயி. சுன்னத்து செய்தவனுக்குச் சுகம் கூடுதலா, செய்யாதவனுக்கா என்று இருவருக்கும் வாக்குவாதம். நான் மருந்துத் தட்டோடு போனதும் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் வந்த டாக்டர் அவர்களை அதட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லும், சொல்லும். நீர் என்ன சொன்னீர்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் மருந்தறை ஜன்னலுக்கு வந்தார். அவரிடம் இருந்த பத்திரிகைகளில் நுனித்தோலை நீக்கினால் தொடு உணர்ச்சி மங்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றும் ஆகாது என்று இன்னொருவர். இரண்டு பேரும் எதையும் அளந்ததாகத் தெரியவில்லை.

"நமக்கு இங்க ஒரு வசதி இருக்கு," என்றார். "ரெண்டு வகை ஆட்களும் பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. ஒரே வெயில், ஒரே மீன், ஒரே சோறு. உன்கிட்ட மயிர்ப்பெட்டியும் இருக்கு."

மயிர்ப்பெட்டி என்பது தொழுநோய்க்காரர்களின் தோலில் மரத்துப்போன இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்து வைத்திருந்தது. பன்னிரண்டு மூங்கில் குச்சிகள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு மயிர் ஒட்டியிருக்கும். மயிரைத் தோலில் நேராக வைத்து, அது வளையும் வரை அழுத்த வேண்டும். வளைவதற்கு எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைத் தராசில் அழுத்திப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். ஒன்றாம் எண் மிக மெல்லியது, என் தலைமயிர். மற்றவை சர்ச்சில் கிடந்த ஒரு பழைய வயலின் வில்லின் குதிரை மயிர், தடிமனுக்குத் தக்கபடி ஒன்றோ இரண்டோ மூன்றோ சேர்த்து ஒட்டியது. எவ்வளவு மெல்லிய மயிர் பட்டால் ஒருவருக்குத் தெரிகிறதோ அவ்வளவு கூர்மையான உணர்ச்சி. கனத்த மயிருக்குப் பன்றி மயிர்தான் நல்லது என்று புத்தகம் சொன்னது. புண் கட்டும் டிரெஸ்ஸர் பொன்னையன் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தங்கச்சி, பன்னி மயிர எடுத்தேன்னா தேங்காய்ப்பட்டணத்துல இருந்து ஒருத்தனும் வரமாட்டான். அவனுவள சும்மா விடு, நானே வரமாட்டேன்."

ஏற்பாடு இப்படி. நடுவில் ஒரு துணித்திரை. அந்தப் பக்கம் பொன்னையன் அண்ணனும் ஆளும், இந்தப் பக்கம் நான். எந்த எண் மயிர் என்று நான் சீட்டு எழுதி நீட்டுவேன். அவர் தொடுவார். கண்ணை மூடியிருக்கும் ஆள் "தெரியுது" என்றால் நான் குறித்துக்கொள்வேன். நான் எதையும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கலியாணமான பெரிய ஆட்கள். டாக்டர் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டு எடுத்தவர்கள்.

பங்குனியில் விவசாயிகளிடம் தொடங்கினோம். முதல் வாரம் எல்லோருக்கும் எல்லா மயிரும் தெரிந்தது. ஒன்றாம் எண்ணிலிருந்தே "தெரியுது, தெரியுது" என்று சத்தம். நான் ஆச்சரியத்தோடு எழுதிக்கொண்டே போனேன். ஒரு நாள் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது:

"தெரியுது."

"ஓய், நான் இன்னும் பெட்டியத் தொறக்கல்ல."

"தொறக்கப் போறது தெரியுது."

அன்று ஆட்கள் போன பிறகு பொன்னையன் அண்ணன் சொன்னார்: "அந்தப் பக்கம் ஒரு பொம்பிளப் பிள்ள இருந்து எழுதுகுன்னா, எவனாவது தெரியல்லன்னு சொல்லுவானா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. என் பேனாதான் அவர்களைப் பொய் சொல்ல வைத்திருக்கிறது. அந்த வாரத்துத் தாள்களை எல்லாம் தள்ளிவிட்டு இரண்டு மாற்றம் செய்தேன். வாயால் சொல்ல வேண்டாம், தெரிந்தால் டாக்டரின் மேஜை மணியைத் தட்டினால் போதும். பிறகு, சீட்டுகளுக்கு நடுவே சில வெறும் சீட்டுகளைச் சேர்த்தேன். அந்தச் சீட்டு வந்தால் பொன்னையன் அண்ணன் தொடாமல் சும்மா இருப்பார். அப்போதும் மணி அடித்தால் அந்த ஆளின் மற்ற மணிகளையும் சந்தேகத்தோடு எண்ணுவோம். நோயாளி "ஆமாம்" என்றால் உடனே எழுதாதீர்கள். அவர் "இல்லை" என்று சொல்வதற்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். "மருந்து சாப்பிட்டீரா?" என்று கேட்கும்போதும் இதேதான்.

தாளில் நான் மூன்று கட்டம் போட்டிருந்தேன். ஒன்று ஆளின் எண். இரண்டாவது, குறியின் நுனியில் தெரிந்த மிக மெல்லிய மயிர். மூன்றாவது, முன்கையின் உட்புறத்தில் தெரிந்த மிக மெல்லிய மயிர்.

"முன்கை எதுக்கு? நேரம் வீண்," என்றார் டாக்டர்.

"ஒத்துப் பார்க்க, டாக்டர்."

ஒத்துப் பார்க்க என்று சொன்னேனே தவிர ஒத்துப் பார்க்கவில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வைகாசிப் பாதியில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் உருக்கள் கரையேறின. மழை ஓயும்வரை கப்பல்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கால் புண் ஆறிப்போயிருந்த அசனார் தம் கூட்டாளிகளைத் தாமே அழைத்து வந்தார். ஒருவருடைய பிழைப்பும் கெடாமல், விவசாயிகளைக் மாசிக் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த பிறகும், கப்பல்காரர்களைக் கடல் பயணம் நின்ற பிறகும் வரவழைத்தோம். இந்த ஏற்பாட்டைச் சொன்னவள் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

டாக்டர் ஒரு கேள்வித்தாளும் வைத்திருந்தார். அதில் ஐந்தாவது கேள்வி: 'சுன்னத்துக்குப் பிறகு உணர்ச்சி குறைந்திருக்கிறதா?' அதை டாக்டரே அசனாரிடம் கேட்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"டாக்டரே, எனக்க சுன்னத்து நடந்தது எனக்கு நினைவே இல்ல. அதுக்கு முன்னால உள்ளத எங்க போய் கேக்க?"

"மத்தவங்களோட ஒப்பிட்டா?"

"மத்தவன் ஒடம்புக்குள்ள நான் இருந்து பாத்திருக்கேனா? நிங்க இருந்து பாத்தியளா?"

டாக்டர் சத்தமாகச் சிரித்து அந்தக் கேள்வியை அடித்தார். அசனார் விடவில்லை. "எனக்க பெண்டாட்டிகிட்ட கேக்கலாம். ஆனா அவளும் வேற ஆளப் பாத்ததில்ல, அல்லா காப்பாத்தட்டு!"

ஆனால் மயிர்ப்பெட்டி தெளிவாகப் பேசுவது போல இருந்தது. கப்பல்காரர்களுக்கு மெல்லிய மயிர்கள் தெரியவில்லை. விவசாயிகளுக்குத் தெரிந்ததைவிட இரண்டு மூன்று எண் தள்ளித்தான் மணி அடித்தது. ஏறக்குறைய ஒவ்வொரு தாளிலும் அப்படியே. சுன்னத்து தொடு உணர்ச்சியைக் குறைக்கிறது என்று டாக்டர் ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். என் அட்டவணையை நல்ல தாளில் பிரதி எடுக்கச் சொன்னார். செய்தி கேட்ட அசனார் மருந்தறை ஜன்னலில் வந்து நின்று, "கம்பவுண்டரம்மா, எனக்கு மரத்துப்போச்சுன்னு எழுதினது நிங்களாக்கும்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தார். நான் குனிந்து தராசைத் துடைத்தேன்.

அந்த ஆவணியில்தான் மிக்கேல் வந்தார். கடியப்பட்டணத்து மீன்பிடிகாரர், இருபத்தெட்டு வயது. நுனித்தோல் இறுகி, அடிக்கடி பழுத்து, சிறுநீர் நூல் போல வந்துகொண்டிருந்தது. ஐந்து வருஷமாக இப்படி. அவர் மனைவி சிலுவம்மைதான் இழுத்து வந்திருந்தாள். தோலை அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை, இப்படியே விட்டால் ஒரு நாள் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லி, மறுநாளைக்கே நேரமும் குறித்தார். மிக்கேல் வெளியே வந்து மருந்துக்காக ஜன்னலில் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அறுத்தா அங்க ஒணர்ச்சி கொறையுமாக்கும்? இங்க அத அளந்து பாத்தியன்னு ஆளுவ சொல்லுகினும்."

என் முன்னால் அட்டவணையின் பாதிப் பிரதி இருந்தது. மை கூடக் காயவில்லை. கையில் ஒரு அட்டவணை இருக்கும்போது பதில் சொல்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கும் தெரிய வரும்.

"குறையும் என்றுதான் எங்கள் அட்டவணை சொல்கிறது," என்றேன்.

அவர் தலையாட்டினார். மருந்துப் புட்டியை ஜன்னல் படியிலேயே வைத்துவிட்டு நடந்தார். சிலுவம்மை வாசலில் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை, மறுவாரமும் வரவில்லை.

அட்டவணையில் முதல் இரண்டு கட்டங்களையும் பிரதி எடுத்து முடித்து மூன்றாவதுக்கு வந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. முன்கைக் கட்டம். எழுதிக்கொண்டே போகிறேன், கை நின்றுவிட்டது. கப்பல்காரர்களுக்கு முன்கையிலும் இரண்டு மூன்று எண் தள்ளித்தான் தெரிந்திருந்தது. பொன்னையன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தங்கச்சி," என்றார், "முன்கையில யாருக்கும் சுன்னத்து செய்யதில்லியே."

அவ்வளவுதான். பிறகு நோட்டை எடுத்து, இரண்டு கூட்டத்துக்கும் என்னென்ன வேறுபாடு என்று எழுதினேன். வயது ஏறக்குறைய ஒன்றுதான். கயிறு இழுக்கிற கை, மண்வெட்டி பிடிக்கிற கை. ஆனால் முன்கையின் உட்புறத்தில் இரண்டு வேலைக்கும் காய்ப்பு இல்லை. தொட்டவர் ஒருவரே. திரை, மணி, பெட்டி எல்லாம் ஒன்று. மாதம் வேறு.

மாதம் வேறு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே அலமாரியில் ஈரம் பட்டால் கெட்டுப்போகிற பொடிகள் இருந்தன. மழைக்காலத்தில் கட்டிபிடிக்காமல் இருக்க, சுட்ட சுண்ணாம்புக் கட்டி போட்ட மூடிய ஜாடிக்குள் ஒவ்வொன்றையும் வைத்திருந்தேன். ஒன்றையும் விடவில்லை. மயிர்ப்பெட்டி ஜன்னல் படியில், மூடி இல்லாமல், இடவப்பாதி முழுவதும் சாரலைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

அடுப்பில் கெட்டிலை வைத்தேன். ஐந்தாம் எண் மயிரைத் தராசுத் தட்டில் அழுத்தி, எவ்வளவு எடையில் வளைகிறது என்று பார்த்தேன். மழை விட்டுக் காய்ந்திருந்த அந்த மயிர் பங்குனியில் எழுதி வைத்த எடையிலேயே வளைந்தது. பிறகு அதை ஆவியில் காட்டி மறுபடி அழுத்தினேன். பாதி எடைக்கே மடங்கியது. தலைக்குக் குளித்த பெண் யாருக்கும் தெரிகிற விஷயம் இது, ஈர மயிருக்கு விறைப்பு கிடையாது. ஐந்தாம் எண் என்று பெயர் வைத்துக்கொண்டு மழையில் நாங்கள் தொட்டது மூன்றாம் எண்ணின் பலத்தில். கப்பல்காரர்கள் தெரியவில்லை என்று சொன்னது சரி. அளவுதான் தப்பு.

டாக்டரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் மறுபடி செய்து காட்டினேன். முகவரி எழுதிய உறையில் அவர் கட்டுரை என் அட்டவணைக்காகக் காத்திருந்தது. மூன்று முறை செய்யச் சொன்னார். மூன்றாம் முறை தாமே குச்சியை வாங்கி அழுத்தினார். பிறகு, "இது உனக்கு பங்குனியிலேயே தெரியாதா?" என்று கத்தினார். கோபம் தம் மேலேதான் என்று மறுநாள் சொன்னார். அன்றைக்கு அது என் மேல் போலத்தான் இருந்தது.

உறையைக் கிழித்தார். "அடுத்த பங்குனி. ரெண்டு கூட்டத்தையும் ஒரே வாரத்துல கூப்பிடணும். மயிர் சுண்ணாம்பு ஜாடியில இருக்கணும். முன்கையை முதல்ல பாக்கணும்."

"அந்தக் கடியப்பட்டணத்துக்காரர் பங்குனி வரைக்கும் தாங்கமாட்டார், டாக்டர்."

அவருக்கு ஞாபகம் வரச் சிறிது நேரம் ஆனது. "அவன்தான் வரலையே."

"நான்தான் அனுப்பினேன்," என்றேன்.

அடுத்த நாள் பொன்னையன் அண்ணனும் நானும் மாட்டுவண்டியில் போனோம். வழி முழுக்க என்ன சொல்வது என்று நாலு விதமாக எழுதி எழுதி அடித்தேன். கடற்கரையில் சிலுவம்மை நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மிக்கேல் ஒரு மீன்பிடி வள்ளத்தின் மறைவில் நின்றுகொண்டே வலையைச் சரிபார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பொன்னையன் அண்ணன் அவரிடம் போனார், நான் இவளிடம் போனேன்.

"சிலுவம்மை, அறுத்தா உணர்ச்சி குறையும்னு நான் சொன்னது தப்பு."

அவள் நிமிரவில்லை. "அப்பம் கொறையாதா?"

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். "குறையாது" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அவரை அன்றே வண்டியில் ஏற்றிவிடுவாள். அவர் பிழைப்பார். அந்தச் சொல்லுக்காக என்னை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னதால்தான் அவர் ஓடிப்போனார். இப்போது திரும்பி வர வைக்கவும் அதையேதான் செய்ய வேண்டியிருந்தது.

"தெரியாது," என்றேன்.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாதுன்னு சொல்லவா வண்டி கெட்டி இம்புட்டுத் தூரம் வந்திய?"

"ஆமா."

"கொள்ளாம், நல்லாயிருக்கு உங்க ஆஸ்பத்திரி!" பக்கத்தில் மீன் பரப்பிக்கொண்டிருந்தவளிடம் திரும்பி, "கேட்டியாட்டி? தெரியாதுன்னு சொல்லதுக்கு ஆளு அனுப்புகினும்," என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு முடியும் வரை நின்றேன்.

"தெரிஞ்சதையும் சொல்லிட்டுப் போறேன்," என்றேன். "ஒண்ணு, அந்த வழி மாசத்துக்கு மாசம் இறுகுது. ரெண்டு, ஒரு நாள் மொத்தமா அடைக்கும். மூணு, அப்ப அவர் கடலுக்குள்ள இருந்தா கரைக்கு வந்து சேர நேரம் இருக்காது. நாலு, அறுத்தா வழி திறக்கும், பழுக்கிறதும் நிக்கும். இந்த நாலும் நிச்சயம். அஞ்சாவதுதான் உணர்ச்சி. அதுதான் தெரியாது."

"அந்த அஞ்சாவதுக்காக்கும் மனுசன் பயந்து பேடிச்சிட்டு நிக்குதாரு."

"நீ என்ன சொல்ற?"

அவள் கையில் ஒட்டிய மீனைத் தட்டிவிட்டாள். "ராத்திரி இவரு மூத்திரம் பெய்ய வெளிய போனா, நான் பாயில இருந்து எண்ணிட்டுக் கெடப்பேன். எண்ணி எண்ணி நூறு தாண்டியாலும் வரமாட்டாரு. பல்லக் கடிக்க சத்தம் மட்டும் கேக்கும். எனக்கு அஞ்சாவது வேண்டாம் பிள்ளே. நாலாவது போதும்." பிறகு வள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "இஞ்ச வாரும்! இவிய நம்மள ஏமாத்த வரல்ல, கேட்டேரா?"

அவர் வரவில்லை. பொன்னையன் அண்ணன்தான் திரும்பி வந்தார். "பாடு முடியட்டு, வாறேங்கான்," என்றார். மீன் படுகிற காலம் முடிய இன்னும் வாரங்கள் இருந்தன. வண்டியில் திரும்பினோம். "குறையாது" என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று நான் தக்கலை ரோடு வரும்வரை யோசித்தேன். இன்றைக்கும் சில நாள் யோசிக்கிறேன்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி இருந்தது. கடலுக்குப் போகப் புறப்பட்டவரை வள்ளத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்ததாகச் சிலுவம்மை சொன்னாள். எட்டு பேரைக் கூப்பிட்டுக் கையைக் காலைப் பிடிக்க வைத்தாளாம். "அடைக்கும்னு நிங்க சொன்னது நெஞ்சுல கெடந்தது," என்றாள்.

அறுவைக்கு எல்லாம் தயாரானது. அப்போது டாக்டரின் பார்வை அலமாரிப் பக்கம் போனது. சுண்ணாம்பு ஜாடிக்குள் மயிர்ப்பெட்டி இருந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். இரண்டு நிலையையும் அறியப் போகிற ஒரே ஆள் இவர். இன்றைக்கு முன்பும் ஆறின பிறகும் அளந்தால், எந்தக் கூட்டத்தையும் எந்தக் கூட்டத்தோடும் ஒப்பிட வேண்டாம். இப்படி ஒருவர் இனி எப்போது வருவார்?

"பத்து நிமிஷம் போதுமா உனக்கு?" என்று டாக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

மிக்கேல் கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. பத்து நிமிஷத்தில் அவர் சாகமாட்டார். அது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். மறுத்துப் பேசுகிற துணிச்சல் எனக்கு அன்று இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஒரு பதில் வந்தது.

"இப்ப அவர் மணி அடிச்சா, அது மயிர் பட்டதாலயா, நோவாலயா? என்னால பிரிச்சு எழுத முடியாது, டாக்டர்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு கை கழுவப் போனார். சிறுநீர் இறங்கியபோது மிக்கேல் அழுத சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. சிலுவம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எண்ணுவதை நிறுத்தினாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த பங்குனிக்குள் டாக்டருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவருக்கு இதில் ஆர்வம் இல்லை. ஆகவே சுன்னத்து உணர்ச்சியைக் குறைக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் போகவில்லை. உங்களில் யாராவது ஒருத்தி எப்போதாவது இதைத் தொடருவதாக இருந்தால் பெட்டி கீழ்த்தட்டில் இருக்கிறது. சுண்ணாம்பை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஆட்களை அவர்களுக்கு வசதியான மாதத்தில் கூப்பிடாதீர்கள், ஒரே வாரத்தில் கூப்பிடுங்கள். கத்தி படாத இடத்தை முதலில் அளந்து, அந்தக் கட்டத்தை அன்றைக்கே வாசியுங்கள். அசனாரிடம் நான் அவர் உரு கடலில் இறங்கும் முன்பே போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். "அப்பம் எனக்கு மரத்துப்போகல்ல," என்றார். "அதுவும் தெரியாது," என்றேன். "நல்ல கம்பவுண்டரம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மிக்கேல் மூன்று மாதம் கழித்துக் காட்ட வந்தார், சிலுவம்மையும் கூட வந்தாள். புண் நன்றாக ஆறியிருந்தது. டாக்டர் மாற்றலாகிப் போவதற்கு முந்தின வாரம் அது. ஆசையை அடக்க முடியாமல் திரை கட்டச் சொன்னார். மிக்கேல் சம்மதித்தார். அளந்தோம். முன்பு அளக்காததால் அந்த எண்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். முடிந்ததும் டாக்டர் கேட்டார்:

"முன்னைவிட இப்ப தெரியுறது குறைவா, கூடுதலா?"

திரைக்கு அந்தப் பக்கம் வேட்டியை உதறிக் கட்டுகிற சத்தம் கேட்டது.

"அத எப்பிடிச் சொல்ல, டாக்டரே," என்றார் மிக்கேல். "முந்தி நோவுக்குப் பயந்து நான் அவளக்கூட தொட விட்டதில்ல."

அதை அப்படியே எழுதிக்கொள் என்றார் டாக்டர். எழுதினேன். மிக்கேல் வெளியே போனார். வராந்தாவில் சிலுவம்மை, "என்னவாக்கும் கேட்டாவ?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்ததுதான் கேட்டது.